கொதிக்கவைத்த குப்பி

பிப்ரவரி 4

தங்கைக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று எழுதுகிறேன். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அன்று வாசலில் நின்று, அப்பாவை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு எதற்குமே சொல்லவில்லை. தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுவோம். மின்னஞ்சல் என்றால் நீ அவசரத்தில் ஒரு வரி அனுப்புவாய். அந்த ஒரு வரியை நான் ஒரு மாதம் மென்றுகொண்டிருப்பேன். அதனால்தான் தாள்.

நேற்று எங்கள் அனுப்பும் பிரிவில் ஓர் ஆர்டர் தாளில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு குப்பி கேட்டிருந்தாய். அங்கே இருப்பவர், "என்ன சார், தெரிஞ்சவங்களா?" என்றார். "இல்ல" என்றேன். பழக்க தோஷம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். மனித உடம்பில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைக்கிறோம். அது பெருகும்போது அந்தப் புரதத்தையும் நமக்குச் செய்து தருகிறது. பிறகு பாக்டீரியாவை உடைத்து, அதன் குப்பையைக் கழித்து, புரதத்தை மட்டும் பிரித்து, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்கிறோம். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். 'ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தரச் சான்றிதழ் உண்டு. அதன் அடியில் ஒரு கிறுக்கல் தெரியும். அது நான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வீட்டோடு ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார்கள். அந்த ஒருவர் யார் என்று யாரும் விவாதிக்கவில்லை. முனைவர் பட்டத்தின் நான்காம் ஆண்டில் நான் எழுந்த மேசையில் நீ உட்கார்ந்தாய். அதே பேராசிரியர், அதே குளிர்பெட்டி, என்னுடைய மூன்று நோட்டுப் புத்தகங்கள். உன் ஆய்வேட்டில் நன்றியுரை மூன்று பக்கம். கண்ணாடிக் குழாய் கழுவுகிற அம்மாவின் பெயர்கூட இருந்தது. நான் 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் இருந்தேன், மாப்பிள்ளையோடும் அவருடைய அம்மாவோடும் நெருக்கியடித்துக்கொண்டு.

குப்பிகள் வந்து சேர்ந்தனவா என்று எழுது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நலம். உன் அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். விசாரிக்கவில்லை, எழுதத்தான் சொன்னாள்.

அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சர்க்கரை எவ்வளவு என்று எண்ணைச் சொல்லாமல் 'கொஞ்சம்' என்று எழுதினால் என்ன அர்த்தம்? அடுத்த கடிதத்தில் எண் வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை என் மாமியாரோடு நீங்கள் நெருக்கியடித்த இடத்தில் சிரித்துவிட்டேன். இவர் எட்டிப் பார்த்து, "என்ன, உங்க அண்ணன் திட்டி எழுதியிருக்காரா?" என்றார். "ஆமா" என்றேன். "அப்போ நல்லாத்தான் இருக்கார்" என்று போய்விட்டார்.

நன்றியுரை பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. இருபத்தாறு வயதில் எழுதியது. அப்போது எனக்கு என்னைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். நான் ஏழு மாதமாக அந்தப் புரதத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், அடியில் இருந்த கிறுக்கல் நீங்கள் என்று தெரியாமலே! நோய் எதிர்ப்பு செல்கள்மேல் அதை ஒரு துளி விட்டால் போதும், தீப்பிடித்த மாதிரி கிளம்புகின்றன. இந்தப் புரதத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று பரிசீலிக்கிறது. அது வந்துவிட்டால் ஆண்டு முடிவில் துறைத் தலைமை எனக்குத்தான் என்கிறார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர்களெல்லாம் இப்போது தேநீர் வாங்கித் தருகிறார்கள்.

என்னிடம் ஓர் ஆய்வு மாணவர் இருக்கிறார், நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, வேலையை உதறிவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறோம். நோட்டில் ஓரத்துக் கோடு போட்டுத்தான் எழுதுவார். உங்களுக்குப் பிடித்துப்போகும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உண்மையாகவே கேட்டேன்.

தங்கை


மார்ச் 11 (எழுதியது, அனுப்பாதது)

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. 'தீப்பிடித்த மாதிரி' என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அது புரதம் செய்கிற வேலை இல்லை. அழுக்கு செய்கிற வேலை.

பாக்டீரியாவின் மேலுறையில் எண்டோடாக்ஸின் என்ற நச்சு இருக்கிறது, கொதிக்கவைத்தாலும் அழியாதது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துளியிலும் துளி இருந்தால் போதும், பாக்டீரியா உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்து எதிர்ப்பு செல்கள் பொங்கி எழும். அதைக் கழிப்பதற்காகவே கடைசியில் ஒரு கட்டம் வைத்திருந்தோம். முழுதாக ஒரு நாள் பிடிக்கும். சென்ற ஜூனில் எங்கள் மேலாளர் அதை நிறுத்தினார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சீக்கிரம்'.

"சார், அந்த ஸ்டெப் இல்லாம எண்டோடாக்ஸின் ஏறிடும்" என்றேன்.

"எவ்வளவு ஏறும்?"

"நூறு மடங்குகூட ஏறலாம்."

"ஊசியாவா போடப் போறாங்க? ஆராய்ச்சிதானே! எலி வந்து கேஸ் போடுமா? சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க சார், வண்டி நிக்குது."

போட்டேன். சான்றிதழில் இருப்பது மே மாதத் தொகுதியில் அளந்த எண். அதற்குப் பிறகு எந்தத் தொகுதியையும் முறைப்படி அளக்கவில்லை. அளந்தால் எழுத வேண்டிவரும். ஒரே ஒரு முறை எனக்காக அளந்து பார்த்தேன். சான்றிதழில் உள்ளதைப்போல் நூற்று நாற்பது மடங்கு.

உன்னுடைய ஏழு மாதமும்


மார்ச் 12

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டுரை விஷயம் மகிழ்ச்சி. துறைத் தலைமை என்றால் தனி அறை தருவார்கள். கிழக்குப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்கு.

குப்பிகளைக் குளிரில் வை. கரைத்ததை மறுபடி உறையவைக்காதே.

சர்க்கரை இருநூற்றுப் பத்து. எண் கேட்டாயே, எழுதிவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். வாத்தியார் கோடு போட்டு எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதே. நல்ல பழக்கம்.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இருநூற்றுப் பத்து என்று எழுதிவிட்டு அறையின் திசையைப் பற்றிப் பேசுகிறீர்கள்! மருத்துவரைப் பார்த்தீர்களா?

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மாதம் வெளிவருகிறது. அதைக் கொண்டாட விடாமல் வாத்தியார் ஒரு வினையை இழுத்து வந்திருக்கிறார். போன செவ்வாய் என் அறைக்குள் வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. குப்பியை இருபது நிமிஷம் கொதிக்க வெச்சுப் பார்த்தேன்."

"எதுக்கு?"

"புரதம்னா கொதிச்சதும் வேலை செய்யக் கூடாது மேடம். வெந்த முட்டையில குஞ்சு வராதுல்ல?"

"சரி, வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். பச்சையா விட்டப்ப எவ்வளவோ அவ்வளவே."

குழாயை மாற்றி வைத்திருப்பீர்கள் என்றேன். மூன்று தடவை செய்தாராம். சான்றிதழை எடுத்துக் காட்டினேன். "தாள் சொல்றது இருக்கட்டும் மேடம், குப்பி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்கிறார், ஏதோ எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசுவதுபோல. குப்பியில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, கட்டுரையை நிறுத்தி வையுங்கள் என்கிறார். நிறுத்திவைத்தால் அது அப்படியே நின்றுபோகும் அண்ணா. இங்கே எனக்கு இன்னொரு தடவை கிடைக்காது.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. இந்த விஷயத்தில் நான் நம்பிக் கேட்க உங்களைத் தவிர யாரும் இல்லை. உங்கள் புரதம் கொதித்தாலும் தாங்குமா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி செய்கிறேன்.

தங்கை


மே 9

தங்கைக்கு,

வேலை விஷயமாக நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். நான் அந்த மேசையிலிருந்து எழுந்த பிறகு இதுதான் முதல் முறை. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

சில புரதங்கள் வெப்பத்தைத் தாங்கும். கொதித்த பிறகும் செயல்படுகிறவை உண்டு, பாடநூல்களிலேயே இருக்கின்றன. ஆகவே கொதித்த பிறகும் வேலை செய்கிறது என்பதை மட்டும் வைத்து, குப்பியில் வேறு பொருள் இருப்பதாக யாரும் முடிவுகட்ட முடியாது. சான்றிதழில் என்ன எண் இருக்கிறது என்று உனக்கே தெரியும். இதற்குமேல் ஒரு தொழிற்சாலைக்காரன் ஆராய்ச்சிக்காரிக்கு என்ன சொல்லிவிட முடியும்?

மருத்துவரைப் பார்த்தேன். நடக்கச் சொன்னார். முழங்கால் வேண்டாம் என்கிறது. அண்ணி நலம்.

அண்ணன்


ஜூன் 6

தரக் கட்டுப்பாட்டு அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க விழைகிறேன். தங்கள் நிறுவனத்தின் புரதத்தைப் பயன்படுத்தும் ஓர் ஆய்வகத்தில் நான் மாணவன். வயது நாற்பத்தொன்று. ஆனாலும் மாணவன்தான்.

சான்றிதழில் தங்கள் கையொப்பத்தைப் பார்த்து இந்தக் கடிதம். குப்பியைக் கொதிக்கவைத்த பிறகும் அதே வீரியம் இருக்கிறது. என் ஆய்வக மேடத்தின் கருத்து வேறு. அவர் நல்லவர், என்னை இந்த வயதில் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். அவரை மீறி எழுதுகிறோமே என்ற உறுத்தல் இருக்கிறது. ஆனால் கட்டுரை வெளிவந்துவிட்டது. இனி அதை நம்பி வேறு ஆய்வகங்களும் வேலையைத் தொடங்கிவிடும்.

நான் பதினெட்டு வருடம் விடைத்தாள் திருத்தியவன். பார்த்து எழுதிய விடை எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டது. எங்களிடம் ஏழு தொகுதிகளின் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஏழிலும் எண்டோடாக்ஸின் அளவு தசமப் புள்ளிக்குப் பிந்தைய மூன்றாம் இலக்கம்வரை ஒன்றாகவே இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக அளந்த தேதியை மட்டும் தெரிவித்தால் போதும். யாரையும் குற்றம் சொல்ல நான் கேட்கவில்லை.

என் மனைவி, "இத்தனை வருஷம் பசங்களைக் கேள்வி கேட்டது பத்தலையா உங்களுக்கு?" என்கிறாள். பத்தவில்லை போலிருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
ஆய்வு மாணவன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் தேவலையா? இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். இங்கே வீடும் போர்க்களம், ஆய்வகமும் போர்க்களம்.

வாத்தியார் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், கட்டுரையின் முடிவு தவறு என்று. எனக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார், அதுவும் கைகட்டி நின்றுகொண்டு. "மேடம், உங்க மேல எனக்கு மரியாதை குறையல" என்று வேறு. கன்னத்தில் அறைந்துவிட்டு வலிக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

நானும் சும்மா இருக்க முடியவில்லை. அவர் அனுமதியில்லாமல் குப்பிகளைத் திறந்ததையும், அவருடைய சோதனையை நம்ப முடியாது என்பதையும் எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்ட் 20 விசாரணைக் குழு. அவர் சொல்வது நிற்காவிட்டால் அவருடைய முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். பள்ளியிலும் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. ஆனால் அவர் நிற்கவா நான் நிற்கவா என்று வந்துவிட்டது.

என் பக்கத்துக்கு வலுவாக இருப்பது உங்கள் கடிதம்தான். மே மாதம் எழுதினீர்களே, சில புரதங்கள் வெப்பத்தைத் தாங்கும் என்று. தயாரிப்பாளரின் தர அலுவலரே சொல்கிறார் என்று அதை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். 'தங்கைக்கு' என்பதையும் முதல் பத்தியையும் மடித்துப் பிரதி எடுத்தேன். அண்ணன் தங்கைக்கு எழுதியது என்றால் மதிக்க மாட்டார்கள். கடைசிப் பத்தியையும் அடியில் 'அண்ணன்' என்று இருந்ததையும் மறைத்துவிட்டு, கடிதத்தின் எழுத்தைச் சான்றிதழில் உள்ள உங்கள் கையொப்பத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதினேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியில் நீங்கள்தான் எனக்குத் துணை. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை


ஜூலை 28

தங்கைக்கு,

அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கு.

அது வீட்டுக் கடிதம். முழங்கால் வலியும் அண்ணி நலமும் எழுதிய தாளை எவரோ நான்கு பேர் மேசைமேல் வைத்துப் படிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. என்னைக் கேட்காமல் என்னுடையதை எடுத்து உன் பெயரில் சேர்த்துக்கொள்வது உனக்குப் புதிதில்லை. இந்த முறையாவது திருப்பிக் கொடு.

என் வார்த்தை இல்லாமலே உன் வழக்கு நிற்குமென்றால் நிற்கட்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 5

அண்ணா,

நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. ஆனாலும் நலமா?

நோட்டுப் புத்தகங்களுக்காக என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் கடிதத்தைத் திரும்பக் கேட்பது அதற்காக இல்லை. உங்கள் கோபத்தின் நீள அகலம் எனக்குத் தெரியும். கோபம் வந்தால் இரண்டு பக்கம் எழுதுவீர்கள். இது அரைப் பக்கம்.

ஒரே கேள்வி. குப்பியில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், நானே இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பேன். தலைமை போனால் போகட்டும். தப்பு செய்தேன், திருத்திக்கொண்டேன் என்று நிமிர்ந்து நிற்கலாம். உங்கள் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

பத்து நாள் பார்ப்பேன். பதில் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொண்டு குழுவின் முன் போவேன்.

தங்கை


ஆகஸ்ட் 16

விசாரணைக் குழுவினருக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவன் நலம் விசாரிப்பது முறையாகாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் முன் உள்ள வழக்கில் ஆய்வு மாணவர் சொல்வது சரி. அந்தப் புரதத்தைச் செய்யும் நிறுவனம், எண்டோடாக்ஸினைக் கழிக்கும் கட்டத்தைச் சென்ற ஆண்டு ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழ்களில் உள்ள எண் அதற்கு முந்தைய மாதத் தொகுதியில் அளந்தது. பிந்தைய தொகுதி ஒன்றை அளந்தபோது நூற்று நாற்பது மடங்கு இருந்தது. அளந்த தாளை இணைத்திருக்கிறேன். அதன் அடிப்பகுதியைக் கத்தரித்திருக்கிறேன். எண்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. என்னை நம்ப வேண்டாம். வேறு இடத்தில் வாங்கிய எண்டோடாக்ஸின் சோதனைப் பெட்டி ஒன்றும் ஒரு பிற்பகலும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

சில புரதங்கள் வெப்பத்தைத் தாங்கும் என்று யாராவது ஒரு நிபுணர் உங்களுக்கு எழுதித் தந்திருக்கக்கூடும். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் இந்தப் புரதம் அறுபது டிகிரி வெப்பத்திலேயே திரிந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அதை அந்த நிபுணர் அறிவார்.

ஆய்வகத் தலைவியைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. அந்த அம்மையாரை எனக்குப் பழக்கமில்லை. கொதிக்கவைத்த குப்பி மூன்று முறை பேசியும் அவர் தாளையே நம்பினார் என்று மட்டும் தெரிகிறது. தமக்குச் சந்தேகம் வந்தபோது அவர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கப்பட்டவர் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டாம் முறை கேட்டபோதும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மையார் தாமாகவே முன்வந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அப்படிக் கைதவறியிருந்தால், அதை ஆராய்வது உங்கள் வேலை இல்லை.

மாணவரை வெளியேற்றாதீர்கள். கடைசியாக அளந்த தேதியைக் கேட்டு அவர் ஒருவருக்கு எழுதினார். அந்தத் தேதி சென்ற ஆண்டு மே 23.

இதை எழுதுவது யார் என்று கேட்பீர்கள். பெயரில்லாத புகார்கள் எங்கள் அலுவலகத்துக்கும் வருவதுண்டு. முதலில் அடியைப் பார்ப்போம். பெயர் இல்லையென்றால் மேலே உள்ளதைப் படிக்காமல் கிழித்துப் போடுவோம். பதினோரு வருடமாக அதைக் கிழிக்கிறவன் நான்தான். ஆகவே உங்கள் மேசையில் இதற்கு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெயர் போட்டால் இருபதாம் தேதியோடு வழக்கு முடியும், மாணவர் தம் மேசைக்குத் திரும்புவார் என்பதும் தெரியும். இரண்டு தாளில் பெயர் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இது மூன்றாவது தாள். இதில் எழுதவில்லை. இப்படியே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறேன்.